பச்சைத் தண்ணி பல்லில் படாமல்

மூன்று வருடங்களுக்கு முன், தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு தேங்காய்க் களத்தில், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு நடுவில் நின்று, என் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்விக்காக என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். கேட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் தாராபுரத்தில் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும், இருட்டின பிறகு கொண்டுவந்து விடும். தம்பி என்னைவிட நாலு வயது இளையவன். கோவையில் உக்கடம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். அம்மா அவனோடுதான் இருக்கிறார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கியும் களை எடுத்தும்தான் அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினார். அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அம்மாவை ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள்.

தம்பிக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது யாருக்கும் தெரியாது. தலைவலி என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருநாள் பட்டறையில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ்.

டயாலிசிஸில் ஊசி, வலி எல்லாவற்றையும்விட அவனை வதைத்தது தாகம்தான். சிறுநீர் வராது என்பதால் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். காபி டம்ளரில் முக்கால் டம்ளரை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் ஓட்டுவான். நான் போகும்போதெல்லாம் அவன் எதிரில் தண்ணீர் குடிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பாத்ரூம் போகிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்து குடித்துவிட்டு வருவேன்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சர்க்கரை, அவரால் கொடுக்க முடியாது. தம்பி மனைவியுடைய ரத்த வகை சேரவில்லை. அடுத்தது நான்தான். கொடுக்கிறாயா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அவர் மட்டும் ஒன்று சொன்னார். "குடுக்கறதுன்னா உன்ர தம்பிக்காகக் குடு. உங்கம்மா மெச்சிக்குவாங்கன்னு குடுக்காத." அன்றைக்கு அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆபரேஷன் அன்று ஒரே நேரத்தில் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோனார்கள். அடுத்தடுத்த அறை. வெளியே அம்மா பழனி முருகனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மகன் நல்லபடியாக எழுந்து வந்தால், மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருப்பான், பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணி பல்லில் படாமல் இருப்பான், நடந்தே பழனிக்கு வந்து உன்னைப் பார்ப்பான் என்று. இதை நான் தெரிந்துகொண்டது எப்படி என்றால், என்னைப் பார்க்க வார்டுக்கு வந்த ஒரு சித்தியிடம் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விலாவில் தையல் சுளீரென்று இழுக்க, நான் கண்ணை மூடிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போனது இரண்டு பிள்ளைகள், வேண்டுதல் ஒரு பிள்ளைக்கு. எனக்கென்று ஒரு தேங்காயாவது உடைப்பதாகச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். ஏனென்றால் தம்பி போன் பண்ணினான். நான் தாராபுரத்துக்குத் திரும்பியிருந்த சமயம் அது. எடுத்ததும் அழுகிறான். என்னவோ ஏதோ என்று நான் பதறிப்போய்க் கேட்டால், "அக்கா, சொம்பு நெறையாத் தண்ணி குடிச்சேனுங்கக்கா. ஒரே மூச்சுல" என்றான். இனிமேல் நிறையக் குடிக்க வேண்டும், குடிக்கக் குடிக்கத்தான் அக்கா கொடுத்தது நன்றாக வேலை செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போனை வைத்துவிட்டு நானும் அழுதேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும்போது டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒன்றைச் சொல்லியிருந்தார். உடம்புக்கு அக்கா தம்பி எல்லாம் தெரியாது. வெளியாள் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்து விரட்டத்தான் பார்க்கும். அதை அடக்கி வைக்கத்தான் இந்த மருந்துகள். அதிலும் காலையும் ராத்திரியும் போடுகிற அந்த கேப்சூல் முக்கியம், உயிர் இருக்கிறவரை ஒரு வேளைகூட விடக் கூடாது. தம்பி தலையை ஆட்டினான். போனில் அலாரம் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஒழுங்காகப் போட்டான். மறுபடி பட்டறைக்குப் போனான். முகத்தில் களை வந்தது.

அம்மாவுக்குத்தான் நிம்மதியில்லை. வேண்டுதல் நிற்கிறதே. பைக்கில் இருந்து விழுந்து தம்பிக்கு முட்டி தேய்ந்தால், முருகன் ஞாபகப்படுத்துகிறான் என்பார். அவன் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கும் அதுதான் காரணம். கடைசியில் மார்கழியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, தம்பி மாலை போட்டுவிட்டான் என்றார். டாக்டரிடம் கேட்டீர்களா என்றேன். "சாமி காரியத்துக்கு ஆராச்சும் டாக்டர்கிட்டக் கேப்பாங்களா?" என்று போனை வைத்துவிட்டார்.

தம்பியைக் கூப்பிட்டேன். பயப்படாதீர்கள், மாத்திரையெல்லாம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றான். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உனக்கு ஆகாது, முதலில் போய் டாக்டரைப் பார் என்றேன். சரிங்கக்கா என்றான். அடுத்த வாரம் கேட்டபோதும் சரிங்கக்கா. எங்கள் பக்கத்தில் 'சரிங்க' என்று ஒருவர் சொன்னால் அதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை, இதோடு பேச்சை விடுங்கள் என்று பொருள்.

பாதயாத்திரைக்கூட்டம் கிளம்பிய செய்தி வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, பொள்ளாச்சி பஸ் ஏறினேன். அவர்கள் தங்கியிருந்த களத்தை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. கொட்டகை நிழலில் பச்சை வேட்டி கட்டியவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். களத்துக்காரர் புண்ணியவான், குலை குலையாக இளநீர் இறக்கி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் குடித்தார்கள். அவர்கள் விரதம் அப்படி, பழம், இளநீர் எல்லாம் உண்டு. என் தம்பி மட்டும் ஒரு தூணில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் வேண்டுதலில் இளநீர் வரவில்லை.

உதடு வெடித்திருந்தது. முகம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை. வெயில், நடை, அதனால்தான் வீக்கம் என்றான். கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன். குழி விழுந்து, அது நிரம்பவே இல்லை. டயாலிசிஸ் காலத்தில் இதே குழியைப் பார்த்திருக்கிறேன்.

மருந்துப் பையைக் கொடு என்று வாங்கிக் கொட்டினேன். மாத்திரை அட்டைகள் பாதி பாதி காலியாக இருந்தன. கேப்சூல் அட்டைகள் மட்டும் கடையில் இருந்து வாங்கியபடியே இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

இது என்னடா என்றேன். ஒளிவுமறைவே இல்லாமல், ஒரு நல்ல காரியத்தைச் சொல்கிற முகத்தோடு சொன்னான். "அது கேப்சூலுங்கக்கா. மேல் தோலை மாட்டெலும்புல செய்யறாங்களாமா. மாலை போட்டுட்டு அதைய முழுங்குனா விரதம் பங்கமாயிரும்னு குருசாமி சொன்னாருங்க. மத்த மாத்திரையெல்லாம் விடியறதுக்கு முன்னாலயும் ராத்திரியும் போட்டுக்கறேன், ஒண்ணுகூட உடறதில்லீங்க."

குருசாமி என்பவர் அந்தக் கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிறவர். கெட்ட மனிதர் இல்லை. தனக்கு மெத்தை கிடைத்தாலும் தரையில்தான் படுப்பார், யாருக்காவது காலில் கொப்புளம் வந்தால் தானே மருந்து போட்டுவிடுவார். போனில் வந்த ஏதோ ஒரு வீடியோவில் கேப்சூல் எதில் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். அது பொய்யும் இல்லை. ஆனால் எந்த வியாதிக்கு என்ன கேப்சூல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. சத்து மருந்து என்று நினைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் வந்து, ஒரு மண்டலம்தானே, மாலையைக் கழற்றியதும் மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஆறுதல்! எனக்குத் தலையில் இருந்து கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. அந்த மண்டலம் முடிய இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நாளும் அந்த மருந்து இவன் உடம்புக்குள் போகவில்லை. நான் தம்பியைப் பார்த்துத்தான் கேட்டேன். ஆனால் களம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏங்கண்ணு, கேப்சூல் தோலு அசைவம். என்ர ஒடம்பை அறுத்து எடுத்து உன்ர வயித்துல வெச்சிருக்குதே, அது சைவமா?"

இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரின் அரிவாள்கூட நின்றுவிட்டது. மாலை போட்டவர்கள் முன்னால் இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று குருசாமி முகம் சிவந்துபோய்ச் சொன்னார். ஒரு பெரியவர் முருகா முருகா என்று காதைப் பொத்திக்கொண்டார். தம்பி ஒரு அட்டையைப் பிரித்து, நான் கொண்டுபோயிருந்த பாட்டில் தண்ணீரில் கேப்சூலை விழுங்கினான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. விரதம் கெட்டதற்காகவா, என்னை நினைத்தா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அதற்கு மேல் அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. இப்போதே கோவைக்குப் போவோம், டாக்டரைப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். இன்னும் கொஞ்ச தூரம்தான், பாதியில் திரும்பினால் அம்மா தாங்கமாட்டார் என்றான். அம்மாவுக்கே போன் போட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவான் என்றேன். "நீ எதுக்கு அம்மிணி அங்க போன?" என்றார். அவ்வளவுதான்.

வெயில் தாழ்ந்ததும் மணியடித்து, அரோகரா சொல்லிக் கிளம்பினார்கள். கூட்டத்தின் கடைசியில் என் தம்பி காலை இழுத்து இழுத்து வைத்துப் போனான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக அவன் சின்னப் பிள்ளை இல்லை. கொடுத்த பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக அது பாத்திரமும் இல்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் உடுமலையைத் தாண்டி, பழனி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விழுந்துவிட்டான். காய்ச்சல் கொதித்ததாம், சிறுநீர் முந்தின நாளே நின்றுவிட்டதாம். ஆம்புலன்ஸில் கோவைக்குக் கொண்டுவந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் மருந்துப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு கேப்சூலை இரண்டாகப் பிரித்து உள்ளே இருந்த தூளைக் காட்டினார். இதுதான் மருந்து, வெளியே இருப்பது வெறும் கூடு, கூடுதான் பிரச்சினை என்றால் என்னிடம் வந்து சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேனே என்றார். விரதம் இருக்க விரும்புகிற நோயாளிகள் எத்தனையோ பேர் வந்து கேட்கிறார்களாம். சிலரிடம் இப்படி இருங்கள் என்று சொல்வாராம், சிலரிடம் இருக்கவே கூடாது என்று சொல்வாராம். தண்ணீரில்லாமல் பகல் முழுவதும் லேத் பட்டறையில் நின்று, மருந்தையும் விட்டுவிட்டு, நூறு கிலோமீட்டர் நடக்க யாரும் சொல்லமாட்டார்கள். "ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது, பக்கத்தில் நின்ற அம்மாவைத்தான் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசிகள் போட்டார்கள். என்னென்னவோ செய்தார்கள். நான் கொடுத்தது மறுபடி உயிர் பெறவில்லை. அதை வெளியே எடுக்கவும் இல்லை. தொந்தரவு கொடுக்காதவரை எடுக்க மாட்டார்களாம். செத்துப்போன என் சிறுநீரகம் இன்னும் என் தம்பியின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது.

அதைவிடக் கொடுமை சொந்தக்காரர்களின் பேச்சு. நன்றாக இருந்த இரண்டு வருடமும் முருகன் கொடுத்த பிச்சை என்றார்கள். சரி, இப்போது போய்விட்டதே, அதையாவது முருகன் கணக்கில் எழுதினார்களா என்றால் இல்லை. மாலை போட்டவன் முகத்துக்கு நேரே அக்காக்காரி அப்படி ஒரு வார்த்தை பேசலாமா, அந்த வார்த்தைதான் பலித்துவிட்டது என்று பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். எனக்குச் சாமிமேல் கோபம் இல்லை. பழனி ஆண்டவர் யாரிடமும் வந்து கேப்சூலை நிறுத்து என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சொன்னதெல்லாம் மனிதர்கள். விரதத்தில் எது ஆகும், எது ஆகாது என்று ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. என் தம்பியின் உடம்புக்கு எது ஆகும் என்று கேட்கத்தான் ஆளில்லை.

தம்பி மறுபடி டயாலிசிஸுக்குப் போகிறான். மறுபடி அந்த முக்கால் டம்ளர். பட்டறை வேலையை விட்டுவிட்டான். நான் போனால் அதிகம் பேசமாட்டான். ஆனால் ஒன்று செய்வான். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து போய், சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்காருவான்.

போன தையில் பார்க்கப் போயிருந்தபோது அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார். பல வருடங்களுக்குப் பிறகு அப்படிப் பிடித்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. இப்போதாவது ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னார். வேண்டுதல் பாதியில் நிற்கிறதாம். அவனால் இனி நடக்க முடியாதாம். கூடப்பிறந்தவள் நடந்தால் அவனே நடந்த மாதிரியாம். நான் மாலை போட்டு, பச்சைத் தண்ணி பல்லில் படாமல் இருந்து, பழனிக்கு நடந்து முடித்துவிட வேண்டுமாம்.

எனக்கும் இருப்பது ஒன்றுதானேம்மா என்றேன். "ஒண்ணே போதும்னு அந்த டாக்டரே சொன்னாருல்ல" என்றார் அம்மா. பொல்லாங்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து வேண்டிக்கொண்டபோது என்னை மறந்துவிட்டார் என்று நான் இத்தனை வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. கணக்கில் வைத்துக்கொள்ளவே இல்லை.

நான் எழுந்து சமையலறைக்குப் போய், சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து, அம்மாவுக்கு எதிரில் நின்று குடித்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிலில் படுத்திருந்த தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். மெதுவாகச் சொன்னான்.

"இன்னொரு சொம்பு குடிங்கக்கா."

குடித்தேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. உள்ளே இருக்கிற ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எனக்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார், குடிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை சொம்பைத் தூக்கும்போதும், இதை ஒரே மூச்சில் குடித்ததற்காக ஒருவன் போன் போட்டு அழுத நாள் ஞாபகம் வந்து, வெறும் தண்ணீர்கூட எனக்குக் கசந்துதான் இறங்குகிறது.